பட்டில் பட்ட கறை

நெய்வேலியில் வாழ்வோருக்குக் கரித்தூள் புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் இங்கு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. காற்றடிக்கும் நாளில் கொடியில் உலரும் துணிமீது கருந்துகள் படிந்தால், இவ்வூர்த் தாய்மார்கள் அதனைத் தேய்ப்பதில்லை, உதறுவார்கள். தேய்த்தால் துகள் இழைகளுக்குள் புகுந்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். அவ்வறிவு எனக்கு இல்லாமற்போன ஒரு நாளைப் பற்றிக் கூறுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழா நாடகத்திற்காக ஒரு மாணவி தன் அன்னையின் திருமணப் பட்டுப் புடவையை உடுத்தி வந்தாள். அவ்வீட்டில் இருந்த பட்டு அஃதொன்றே. உணவு வேளையில் அதன்மீது சாம்பார் சிந்திவிட்டது. அழுதுகொண்டே என்னிடம் ஓடிவந்தாள். "அஞ்சாதே, அம்மா" என்று கூறி, நானே சலவைச் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சட் கறை செக்கச்சிவந்தது! காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டியவன் நான். எனினும் அவ்வேளையில் அது நினைவுக்கு வரவில்லை. பதறிப்போய்ப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். கறை மங்கியது, பட்டும் நிறமிழந்து, அவ்விடத்தில் இற்றுப்போயிற்று.

மாலையில் அன்னையார் வந்தபோது, தவறு தன்னுடையதே என்றாள் அப்பெண். "இல்லை அம்மா, கெடுத்தவன் நான்" என்றேன். அவர் ஒன்றும் கூறாமல் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நடந்தது என்ன? பருத்தி, செல்லுலோசால் ஆனது. பட்டும் கம்பளியும் நம் தலைமயிரைப் போலப் புரதத்தால் ஆனவை. கடுங்காரமும் பிளீச்சிங் பவுடரும் புரதத்தை அரித்துவிடும். ஆதலின் வெள்ளை வேட்டிக்கு மருந்தாவது பட்டுக்கு நஞ்சாகும்.

எனவே, துணி யாது, கறை யாது என்று முதலில் கேளுங்கள். ஈரக் கறையைத் தேய்க்காமல், தூய வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெயாயின் முகப்பவுடரைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சியபின் தட்டிவிடுங்கள். இரத்தமாயின் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால், முட்டையின் வெண்கரு போல அது உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். மஞ்சளாயின் குளிர்ந்த நீரால் ஒற்றி, பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்ல அலசி, நிழலில் உலர்த்துங்கள். கறை ஒரே நாளில் முழுதும் போகாது, பொறுமை வேண்டும். எதனையும் வெளியே தெரியாத ஓர் உள்மடிப்பில் சோதித்த பின்னரே கையாளுங்கள். சாயம் போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சரிகையில் புளிப்புப் பொருள் எதுவும் படவேண்டா.

சோப்புப் பட்டுச் சிவந்த மஞ்சள், தூய நீரில் நன்கு அலசினாலே காரம் நீங்கி மீண்டும் மஞ்சளாகும். அன்று நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவே. வகுப்பில் கற்றதை நினைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.