புல்வெளியின் வழக்கு: மாநாட்டுத் தலைமை உரை



நீலகிரியின் காப்பிடங்களையும் சுற்றுலா வெளிகளையும் பற்றிய இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. இந்த இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களிடம்தான் நான் இத்துறையைக் கற்றேன். அவர்களுடைய நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஆகவே பெருமையோடு கொஞ்சம் அச்சமும் சேர்ந்தே இருக்கிறது. தலைமை உரை என்றால் துறையின் நிலையை ஒருமுறை சுற்றிக் காட்ட வேண்டும் என்பது மரபு. அதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு வழக்கை உங்கள் முன் வைக்க அனுமதி கேட்கிறேன்.

முதுமலை 1940இல் சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. முக்குருத்தி 1982இல் சரணாலயம், 1990இல் தேசியப் பூங்கா, பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். இவ்விரண்டையும் உள்ளடக்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அமைந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. சீகூர் யானை வழித்தடம் பற்றி உச்ச நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்பையும், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருவோர் பெற வேண்டிய இ-பாஸ் முறையையும் பற்றித் தனி அமர்வுகளே உள்ளன. வரையாட்டுத் திட்டம் பற்றியும் அப்படியே. 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள் என்ற செய்தி நம் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. அதைப் பற்றி என்னைவிடக் களம் அறிந்தவர்கள் பேசுவார்கள்.

நான் கேட்க விரும்புவது வேறு. வரையாட்டைக் காக்கிறோம், அது மேயும் புல்லை யார் காக்கிறார்கள்? முக்குருத்தியின் வேலிக்கு உள்ளே இருக்கும் புல்லைச் சொல்லவில்லை. பைக்காராவிலிருந்து ஊட்டி வரை, ஊட்டியிலிருந்து எமரால்டு வரை ஒரு காலத்தில் விரிந்து கிடந்த புல்வெளியைச் சொல்கிறேன். அது ஏன் நம் காப்பிடங்களின் எல்லைக்குள் வரவில்லை? நிர்வாகம் அசட்டையாக இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. என் கருத்தில் குற்றம் நம் துறையினுடையது. புல்வெளி காட்டின் சிதைவு என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். அலுவலகங்கள் அதை நம்பி மரம் நட்டன.

இதன் தொடக்கம் 1938. அந்த ஆண்டு ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழின் ஒரே தொகுதியில் நீலகிரித் தாவரங்கள் பற்றி இரு கட்டுரைகள் வந்தன. ஒன்று சி. ஆர். ரங்கநாதன் எழுதியது. உறைபனி விழும் திறந்த சரிவுகளில் சோலை மரங்களின் கன்றுகள் பிழைப்பதில்லை. ஆகவே பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லும் என்பது இந்த மலையின் இயல்பான அமைப்பு என்றார் அவர். மற்றொன்று என். எல். போர் எழுதியது. தீயும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் புல் இருந்த இடமெல்லாம் காடாகியிருக்கும் என்பது அவர் வாதம். போர் பின்னாளில் இந்தியத் துணைக்கண்டத்தின் புற்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதியவர். புல்லின் ஒவ்வொரு கணுவையும் அறிந்தவர். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புல்வெளி இந்த மலையின் சொந்தப் பயிர் என்பதை அவர் ஏற்கவில்லை. வாதத்தில் யார் வென்றார் என்று இன்றும் கட்டுரைகளில் விவாதிக்கிறோம். நிலத்தில் வென்றது போரின் கருத்துதான். காடாக வேண்டியது காடாகாமல் கிடக்கிறது என்றால், அங்கே மரம் நடுவது தவறாகத் தெரியாது அல்லவா?

மரங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன என்பது உண்மை. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டன. ஆனால் புல்வெளியை ஏக்கர் கணக்கில் விழுங்கிய நடவு விடுதலைக்குப் பிறகு நடந்தது. தோல் பதனிட சீகைப் பட்டை, செயற்கைப் பட்டு ஆலைக்குக் கற்பூர மரக்கூழ், இவற்றுக்காக 1980கள் வரை நட்டுக்கொண்டே போனார்கள். பள்ளத்தாக்குகளின் அடியிலிருந்த புல்லையும் சதுப்பையும் நீர்மின் அணைகள் மூழ்கடித்தன. வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் 1960களில் புகைப்படச் சுருள் தொழிற்சாலை எழுந்தது. ஒரு ஆளுநரின் பெயரைத் தாங்கி, வெள்ளைக்காரர்கள் குதிரையில் நரி துரத்தி விளையாடுவதற்காகத் திறந்தவெளியாகவே விடப்பட்ட நிலம் அது. அவர்கள் விளையாட்டுக்காகக் காத்ததை நாம் பயன்பாட்டுக்காக இழந்தோம். இதைச் சொல்வதால் நான் வேட்டைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879இன் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வரையாட்டைக் காத்தன என்று நம் நண்பர்கள் சிலர் எழுதிவருகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் காத்தது தாங்கள் சுட விரும்பிய விலங்கை. செந்நாயைக் கொன்றால் பரிசு கொடுத்தார்கள். ஓடைகளில் டிரவுட் மீனை வளர்த்தார்கள். புல்வெளி என்ற உயிர்த்தொகுதி அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தச் சங்கத்தைப் பாதுகாப்பு வரலாற்றின் தொடக்கமாக வைக்கும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சரி, 1938 வழக்குக்குத் திரும்புகிறேன். எழுத்தில் மட்டும் நடந்த அந்த வாதத்துக்குச் சாட்சி சேற்றிலிருந்து வந்தது. ராமன் சுகுமாரும் ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோரும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வை நீங்கள் அறிவீர்கள். நீலகிரிச் சதுப்புகளின் மட்கிய படிவில் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அடுக்கடுக்காக அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் தாவர வரலாற்றை அவர்கள் படித்தார்கள். பனியுகத்தின் கடுமையான வறட்சிக் காலத்தில் வெப்பநிலப் புல் ஓங்கியிருந்தது. பின்பு மழை மிகுந்தபோது அது பின்வாங்கியது. இடையில் மீண்டும் ஒருமுறை வறண்டபோது மீண்டும் ஓங்கியது. புல் முன்னேறியதும் பின்வாங்கியதும் பருவமழையின் போக்கில்தான். எருமை ஓட்டி வந்த எந்த மனிதரும் 20,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே காட்டைக் கொளுத்தியதாக யாராலும் காட்ட முடியாது.

எதிர்த்தரப்பின் நியாயமான மறுப்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மேல்மலையில் குளிர்நிலப் புற்களும் உண்டு. அவற்றின் கார்பன் கையெழுத்து மரங்களுடையதைப் போன்றது. ஆகவே வெப்பநிலப் புல் குறைந்த அடுக்குகளில் வளர்ந்தது சோலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை ஏற்கிறேன். ஆனால் இந்த மறுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். காடாக இருந்தது என்று நாம் எண்ணும் காலத்திலும் புல் இருந்திருக்கலாம் என்கிறது. அது புல்வெளியின் வழக்கை வலுப்படுத்துகிறதே ஒழியத் தளர்த்தவில்லை.

இன்னொரு மறுப்பும் அடிக்கடி கேட்கிறது. உறைபனி மரத்தைத் தடுக்கும் என்றால் சீகை எப்படிப் புல்வெளியில் செழிக்கிறது? ஆஸ்திரேலியாவின் குளிர்ப்பகுதிகளில் வளர்ந்த மரம் பனியைத் தாங்குகிறது. நம் சோலைக் கன்று தாங்குவதில்லை. அந்நிய மரம் வளர்ந்ததைக் காட்டி நாட்டு மரமும் வளர்ந்திருக்கும் என்று சொல்வது வாதமாகாது. சீகையின் விதையோ மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கிறது. மரத்தை வெட்டிவிட்டுப் போனால் மறு ஆண்டே அங்கே நாற்றங்கால் போட்டது போல் அடர்ந்து நிற்பதை இங்குள்ள களப்பணியாளர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதன் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டு, மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் சுற்று நடவில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மறுதாம்பு விட்ட இரண்டாம் சுற்றில் கால் பங்கு குறைந்தது. கோடையில் ஊறி வரும் ஓட்டம் அதைவிடக் கடுமையாகச் சரிந்தது. நீலகிரியின் நீரை நம்பிப் பவானியும் மோயாறும் ஓடுகின்றன. இவ்வளவு தெளிவான சோதனை நம் மலையிலேயே நடந்திருக்கும்போது, நம் கட்டுரைகளில் அது எத்தனை முறை மேற்கோளாக வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆனால் இவற்றைவிட நாம் புறக்கணித்த சான்று ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். மொழியியலாளர் எம். பி. எமனோ 1930களில் இந்த மலையில் தங்கி, இங்கே எருமை மேய்த்து வாழும் தோடர்களின் பாட்டுகளைச் செவிவழி எழுதி, 1971இல் ‘தோடா சாங்ஸ்’ என்று நூலாக்கினார். மொழியியலாளர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். சூழலியலாளர் கைகளில் நான் அதை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். தோடர் பாட்டு இணை இணையான தொடர்களால் கட்டப்படுவது. ஒரு மந்தின், அதாவது தோடர் குடியிருப்பின், பெயரைச் சொன்னால் அதன் இணைப்பெயர் கூடவே வரும். குன்றுக்கும் ஓடைக்கும் எருமைக்கும் அப்படியே. இடத்தைப் பெயர் சொல்லி அழைக்காமல் தோடரால் பாட முடியாது. புல்வெளி என்பது பெயரில்லாத பச்சை விரிப்பு என்று நிலவரி ஆவணம் எழுதியபோது, இங்கே ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு ஊற்றும் பெயரோடு பாடப்பட்டுக்கொண்டிருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் இதை நான் ஒரு கருத்தரங்கில் சொன்னபோது, மதிப்புக்குரிய மூத்த அறிஞர் ஒருவர், பாட்டு சான்றாகாது என்று சொல்லி அமர்ந்தார். அவரிடம் இன்றும் எனக்கு அன்பு குறையவில்லை. ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வியை நான் கேட்கிறேன்: எதற்குச் சான்றாகாது? பாட்டு ஆண்டு சொல்லாது, பரப்பளவு சொல்லாது. ஓரிடம் மேய்ச்சல் நிலமாக அறியப்பட்டதா, சோலையாக அறியப்பட்டதா என்று அது சொல்லும். எந்த ஓடை வற்றாதது என்று மேய்த்தவர்கள் கருதினார்கள் என்பதைச் சொல்லும். கிழக்கிந்தியக் கம்பெனி அளவையாளரின் ஒற்றைக் குறிப்பை நாம் சான்றாக ஏற்கிறோம். அவர் ஒரு பருவம் மட்டும் இங்கே இருந்துவிட்டுப் போனவர். தலைமுறை தலைமுறையாக அதே சரிவில் எருமை மேய்த்தவர்களின் சொல்லை ஏன் ஒதுக்க வேண்டும்? தருண் சாப்ரா 2015இல் வெளியிட்ட ‘தி தோடா லேண்ட்ஸ்கேப்’ நூல், தோடர்களோடு நடந்து நடந்து அந்தப் பெயர்களை நிலத்தில் பொருத்திக் காட்டியது. கோயில் கூரை வேயச் சதுப்பில் மட்டுமே வளரும் தனிப்புல்லைத் தோடர்கள் தேடிப் போகிறார்கள் என்பதும் அதில் உண்டு. அந்தப் புல் நீலகிரிக்கே உரியது. அது கிடைக்காமல் போனால் கோயில் கூரை வேய வழியில்லை. சதுப்பின் நலத்தை இதைவிட நுட்பமாக அளக்கும் கருவி எதுவும் நம்மிடம் இருக்கிறதா?

எதிர்ப்பு ஒன்று எழும், எழ வேண்டும். தோடர்கள் தீ வைத்தவர்கள்தானே, போர் சொன்னதும் அதைத்தானே என்பீர்கள். புல்லைப் புதுப்பிக்க வறட்சிக் காலத்தில் சிறு தீ வைக்கும் வழக்கம் இருந்தது. வனத்துறை அதைத் தடுத்தது. புல்லைப் பேணுவதில் மனிதக் கைக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பேணுவது வேறு, இல்லாததை உண்டாக்குவது வேறு. 1938இன் விவாதம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. நாம் இன்னும் அந்த முடிச்சை அவிழ்க்காமல் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம்.

மாநாட்டுத் தலைப்பின் இரண்டாம் பாதி சுற்றுலா வெளிகள். அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் போகிறவர்கள் இறங்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பைன் காடு, சூட்டிங்மட்டம், பைக்காரா படகு இல்லம். முதலாவது, புல்வெளியில் நட்ட அந்நிய மரம். மூன்றாவது, பள்ளத்தாக்கை மூடிய அணைநீர். இரண்டாவது மட்டும்தான் உண்மையான புல்வெளி. அதைச் சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடம் என்றுதான் வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் வரும் மக்கள், இந்த மலையின் இயற்கை பைன் மரம் என்று நம்பித் திரும்புகிறார்கள். அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்; அவர்கள் பிள்ளைகள் நாளை வனத்துறையில் சேர்கிறார்கள். அங்கே ஒரு நல்ல விளக்கப் பலகை வைப்பது சிறிய வேலை. அதை எழுதித் தர வேண்டியவர்கள் நாம்.

இறுதி நாள் தீர்மானக் குழுவுக்கு இரண்டு கோரிக்கைகளை இப்போதே வைக்கிறேன். சாண்டிநல்லா, கோல்கிரெய்ன் முதலிய இடங்களின் மட்கிய சதுப்புகள், இருபதாயிரம் ஆண்டு ஆவணத்தைத் தங்களுக்குள் வைத்திருப்பவை. இவற்றில் சாண்டிநல்லா, முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மேல்மலையில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்ட சதுப்புகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சியவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று இம்மாநாடு அரசைக் கேட்க வேண்டும். மற்றொன்று, கார்பன் கணக்குக்காகவும் பசுமைப் பரப்புக் கணக்குக்காகவும் மேல்மலைப் புல்வெளியில் இனி எந்த மரமும், சோலை மரமே ஆனாலும், நடக் கூடாது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து நம் இளைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சோலை மரம் நடுவதை நிறுத்தச் சொல்வது இந்த அவையில் சிலருக்கு உவப்பாக இராது. நாற்றங்கால் வைத்துச் சோலைக் கன்று வளர்க்கும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள்; அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். வெட்டப்பட்ட சோலை இருந்த பள்ளங்களில் அவர்கள் நடட்டும். பனி விழும் மேட்டில் வேண்டாம். எங்கே பள்ளம், எங்கே மேடு என்பதில் ஐயம் வந்தால் பக்கத்து மந்தில் கேட்கலாம்.

இதற்கு மறுப்புரை இருந்தால் முதல் அமர்விலேயே எழுந்து சொல்லுங்கள். அதற்காகத்தான் பிற்பகலில் கலந்துரையாடலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.