கையடக்கக் கணினியில் எழுத்துகளின் இருக்கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதை பேசும் அவையில் விசைப்பலகையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். சற்று முன்னர் இம்மேடையில் கவிதை படித்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் பலர் கையில் தாள் இல்லை, கைப்பேசியே இருந்தது. கவிதை அதிலிருந்து படிக்கப்பட்டது மட்டுமன்று. அதிலேயே எழுதவும் பட்டது. பேருந்திலும், பணியிடத்து இடைவேளையிலும், விளக்கேற்றாத நள்ளிரவிலும் கட்டைவிரலால் கவிதை எழுதப்படும் காலம் இது. ஆகவே, அவ்விரலின் கீழ் எந்த எழுத்து எங்கே அமர்ந்திருக்கிறது என்பது கணிப்பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று; அது நமக்கும் உரியது.

எழுதுகருவி எழுத்தை மாற்றும் என்பது தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. கூரிய எழுத்தாணியால் குத்தினால் ஓலை சிதையும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். சுவடிகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால்தான் அவை இன்றைய வேறுபட்ட வடிவங்களைப் பெற்றன. சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள், இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதை யாப்பையும் பொருளையும் துணைகொண்டே துணிய வேண்டியிருந்தது. கருவிக்கு ஒவ்வாத வேறுபாடு எழுத்திலிருந்து மறைந்தது. அதனை மீட்கப் பெரும்புலமை தேவைப்பட்டது. இன்று நம் கையிலுள்ள சிறு கருவிக்கு ஒவ்வாத வேறுபாடுகள் எவை? அவற்றுக்கு என்ன நேர்கிறது? இவ்விரு வினாக்களே என் உரையின் பொருள்.

முதலில் ஆங்கில விசைப்பலகையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். க்யூ, டபிள்யூ, இ, ஆர் எனத் தொடங்கும் வரிசை, அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சுப்பொறிக்கு உரியது. 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வரிசை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேசைமேல் வைத்து இயக்கும் பொறிக்காக அமைந்தது என்பதில் வேறுபாடு இல்லை. 1936இல் ஆகஸ்டு ட்வோராக் காப்புரிமை பெற்ற மாற்றுவரிசையில் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கையின் நடுவரிசையில் வைக்கப்பட்டன. மிகுதியாக வழங்கும் மெய்கள் வலக்கைக்குத் தரப்பட்டன. கைகள் மாறி மாறி உழைத்தால் களைப்புக் குறையும் என்பது அதன் கருத்து. கருத்து நன்று, ஆயினும் பழகிய கைகள் மாற இசையவில்லை.

கணினி உள்ளங்கைக்குள் அடங்கியபோது இச்சிக்கல் புதுவடிவம் கொண்டது. இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்கனைசர் என்னும் கையடக்கக் கருவியில் ஆறு வரிசைகளில் 36 விசைகள் இருந்தன. எழுத்துகள் ஆங்கில அகரவரிசைப்படி வைக்கப்பட்டிருந்தன. அகரவரிசை அனைவர்க்கும் தெரியும். எனவே தேடுவது எளிது என்று நாம் நினைப்போம். ஆனால், 1982இலேயே டொனால்டு நார்மன், டயன் ஃபிஷர் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து, தட்டச்சு அறியாதவர்க்கும் அகரவரிசைப் பலகை குறிப்பிடத்தக்க நன்மை தருவதில்லை என்று கண்டிருந்தனர். அகரவரிசையை மனத்துள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சயான் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சீரீஸ் 3 கருவியில் பழைய தட்டச்சு வரிசைக்கே திரும்பியது.

1996இல் வந்த பாம் பைலட் என்னும் கருவி விசைகளையே விலக்கியது. அதன் சிறு திரையில் எழுத்தாணி கொண்டு எழுத வேண்டும். ஆனால் நம் விருப்பம்போல் எழுத இயலாது. கிராஃபிட்டி என்னும் தனி எழுத்துமுறையில் ஏ என்னும் ஆங்கில எழுத்தைக் குறுக்குக் கோடின்றி ஒரே இழுப்பில் எழுத வேண்டும். அங்கே மனிதனின் கையெழுத்தைக் கருவி கற்கவில்லை. கருவிக்குரிய கையெழுத்தை மனிதன் கற்றான். ஆடா என்னும் கணினி மொழியை வடிவமைத்த ழான் இஷ்பியா, ஒற்றை எழுத்தாணிக்கென ஃபிட்டாலி என்னும் விசையமைப்பை உருவாக்கினார். மிகுதியாக வழங்கும் எழுத்துகளை நடுவிலும் அருகி வழங்குவனவற்றை ஓரத்திலும் வைத்தார். தொடவேண்டிய இடம் பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகச் சேரும் என்று 1954இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதிக்கு இயைந்த அமைப்பு அது.

1999இல் பிளாக்பெர்ரி என்னும் பெயரில் வந்த கருவிகள் இரு கட்டைவிரல்களால் இயக்கும் சிறுவிசைப் பலகையைப் பரப்பின. 2007இல் ஐஃபோன் வந்தபோது விசைகள் வெறும் படங்களாயின. அதன் திரை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. ஒரு வரிசைக்குப் பத்து எழுத்துகள் என்றால் ஓர் எழுத்துக்கு 5 மில்லிமீட்டர். மேசைக் கணினியிலோ ஒரு விசையின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் இடையே ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் உண்டு.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. விசையமைப்பின் நன்மை தீமைகளை அதனை இயக்கும் விரல்களை நோக்கியே அளக்க வேண்டும். பத்து விரலுக்கு ஏற்றது ஒற்றை எழுத்தாணிக்கு ஏலாது. எழுத்தாணிக்கு ஏற்றது இரு கட்டைவிரலுக்குப் பொருந்துவது உறுதியன்று. இப்பாடத்தைக் கையில் கொண்டு தமிழுக்கு வருவோம்.

தமிழுக்குத் தட்டச்சுப்பொறியமைத்த முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் பணியாற்றிய இரா. முத்தையா ஆவார். அன்றைய பொறியில் எழுத்தின் வடிவமே அடிப்படை. 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பின்னர்க் ககரம், அதன்பின் கால் என மூன்று துண்டுகளை அடுக்க வேண்டும். கண் காணும் முறை அது. நாவும் இலக்கணமும் அறிந்த முறை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி உருவாகி, அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையோ இலக்கண முறையைத் தழுவியது. அதில் ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் 'கொ' பிறக்கும். மெய்யின்மேல் உயிர் ஏறும் என்று நாம் படித்த பாடமே அங்குப் பொறியாகிறது.

அதன் அமைப்பைக் கவிஞர்கள் ஊன்றிக் காண வேண்டும். உயிர் 12, மெய் வரிசை 18, புள்ளி 1. ஆக 31 விசைகள். ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் மேல்தட்டில் அமையும். உயிர்கள் அனைத்தும் இடப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். நடுவரிசையில் அ, இ, உ என்னும் குறில்கள்; அவற்றின் நேர்மேலே ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள். வலக்கையின் நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அவ்வாறே. 'சங்கம்' என்று எழுத ச, ங, க, ம, புள்ளி என ஐந்து தட்டல்களே போதும். இனவெழுத்து இன்னதென்று பொறிக்கே தெரிந்திருக்கிறது! 'மமதை' என்று எழுதும்போது மட்டும் முதல் மகரத்துக்குப்பின் ஓர் அகரத்தை இட்டு, 'இங்கே புள்ளி வேண்டா' என்று சொல்ல வேண்டும். மமதைக்கு அந்தச் சுங்கம் தகும்.

இவ்வளவு சிறந்த அமைப்பு கையடக்கக் கருவிக்குள் நுழைந்தபோது நேர்ந்தது என்ன? தமிழ்99 மேசைக் கணினிக்காக வகுக்கப்பட்டது. ஆங்கில எழுத்துக்குரிய 26 விசைகளோடு, நிறுத்தக்குறிகளுக்கும் அடைப்புக்குறிகளுக்கும் உரிய ஐந்து விசைகளையும் அது எடுத்துக்கொண்டது. அவ்வைந்து இடங்களில் அமர்ந்தவை ச, ஞ, ந, ய, ழ. கட்டைவிரலால் இயக்கும் சிறுவிசைப் பலகைகளில் இக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. ஆகவே, ஆங்கிலத்துக்கு நிறுத்தக்குறியாக இருந்த இடத்தில் தமிழ் என்னும் பெயரின் ழகரமே இருக்கை இழந்தது. தொடுதிரை வந்தபின் எத்தனை விசையையும் வரையலாம் என்னும் உரிமை கிட்டியது. ஆனால் இடம் கூடவில்லை. மேல்வரிசையில் பன்னிரண்டு எழுத்துகளை நிறுத்தினால், முன்சொன்ன 5 சென்டிமீட்டர்த் திரையில் ஒவ்வொன்றுக்கும் 4 மில்லிமீட்டர்தான் எஞ்சும்.

மற்றொன்றும் உண்டு. உயிர் இடப்பக்கமும் மெய் வலப்பக்கமும் இருப்பதால், ஒற்றை விரலால் எழுதுவோர் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் திரையின் இம்முனையிலிருந்து அம்முனைக்குப் பயணம் செய்கின்றனர். அவர்கள் இவ்வமைப்பைச் சலிப்போடு கைவிடுவது வியப்பன்று. இரு கட்டைவிரல்களால் எழுதுவோர்க்கோ அதுவே பெருந்துணை: ஒரு விரல் மெய்யைத் தொடும்போது மற்றது உயிரின்மேல் காத்திருக்கும். 2013இல் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் இரு கட்டைவிரல்களுக்கென வகுத்த கால்க் என்னும் ஆங்கில விசையமைப்பில் உயிரெழுத்துகளை ஒரு விரலின் பக்கமே ஒதுக்கினர். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் பலகையில் உயிரும் மெய்யும் பிரிந்து அமர்ந்திருந்தன.

இன்று பலர் கைப்பேசியில் தமிழை எழுதும் வழி ஆங்கில எழுத்தொலி வழி. அது எளிது, பயிற்சி வேண்டாதது, தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதனை நான் பழிக்க வரவில்லை. ஆனால் அதன் உள்ளமைப்பைக் காண்க. ஆங்கிலத்தில் ன, ண, ந என்னும் மூன்றுக்கும் ஒரே எழுத்து. ல, ள இரண்டுக்கும் ஒன்று. ர, ற இரண்டுக்கும் ஒன்று. இவ்வகைப் பலகைகளில் ண, ள, ற ஆகியவற்றைப் பெறப் பொதுவாகப் பெரிய எழுத்தைத் தேர வேண்டும். மேசைக் கணினியில் மேல்தட்டு விசையைச் சிறுவிரல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கைப்பேசியில் சிறுவிரலுக்கு வேலை இல்லை. கட்டைவிரலே மேல்தட்டை ஒருமுறை தட்டி, எழுத்தை மறுமுறை தட்ட வேண்டும். அதாவது, னகரத்துக்கு ஒரு தட்டல், ணகரத்துக்கு இரண்டு. ரகரத்துக்கு ஒன்று, றகரத்துக்கு இரண்டு. விரையும் விரல் எதனைத் தேரும்? மணம் மனமாகிறது. குளம் குலமாகிறது. அறம் அரமாகிறது. எழுதியவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். அவருடைய கட்டைவிரல் ஒரு தட்டலை மிச்சப்படுத்தியது, அவ்வளவே. தமிழ்99இல் ண, ள, ற, ழ ஒவ்வொன்றுக்கும் தனி இருக்கை உண்டு. எதற்கும் கூடுதல் கூலி இல்லை. 'வணக்கம்' என்று எழுத அதில் ஆறு தட்டல்கள். ஆங்கில ஒலிவழியில் மேல்தட்டையும் சேர்த்து ஒன்பது.

கருவியே பிழையைத் திருத்திச் சொற்களை முன்மொழிகிறதே என்பர் சிலர். உண்மை, அன்றாட மடல்களுக்கு அது போதும். ஆனால், பலரும் மிகுதியாக எழுதும் சொல்லையே கருவி முதலில் நீட்டும். கவிஞன் தேடுவதோ பலரும் மறந்த சொல்லை. அல்லது இதுவரை எவரும் சேர்த்து எழுதாத இரு சொற்களை. அங்கே முன்மொழிவு துணையாவதில்லை. எழுத்தெழுத்தாகத் தானே எழுதும் வழி கவிஞனுக்குத் திறந்திருக்க வேண்டும்.

வழி திறந்தே இருக்கிறது. 2005இல் சிங்கப்பூரில் முத்து நெடுமாறன் அவர்களின் செல்லினம் வெளியீடு கண்டு, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிவகுத்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி இயங்குதளத்தின் 7ஆம் பதிப்பிலேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு அமைப்புகளையும் சேர்த்தது. தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

ஆகவே, இவ்வவைக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, நம் உறுப்பினர்கள் தத்தம் கைப்பேசியில் தமிழ் விசையமைப்பைத் தேர்ந்து, இரு கட்டைவிரல்களாலும் எழுதப் பழக வேண்டும். முதற்சில நாள்களின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, நம் வட்டத்துக்கு வரும் படைப்புகளில் ன-ண, ல-ள, ர-ற மயக்கங்களைக் காணும்போது படைத்தவரை இகழாமல், எவ்வாறு எழுதினீர்கள் என்று கேட்க வேண்டும். நோயின் வேர் அறிந்தால் மருந்து எளிது. மூன்றாவது, கையடக்கக் கருவிக்கென விசையமைப்பை வகுப்போரிடம் நம் தேவையைச் சொல்ல வேண்டும். மேசைக்கு வகுத்ததைச் சுருக்கித் தருவது போதாது. இரு விரலுக்கும் ஒரு விரலுக்கும் தனித்தனியே தமிழின் எழுத்து வழக்கை எண்ணிப் பார்த்து இடம் வகுக்க வேண்டும். எந்த எழுத்து எத்துணை வழங்குகிறது, எதன்பின் எது வருகிறது என்பதை எண்ணும் அப்பணியில் யாப்பறிந்தோர் துணை செய்ய முடியும். எழுத்தையும் அசையையும் எண்ணிப் பழகியவர்கள் நீங்கள் அன்றோ?

ஓலையில் மறைந்த புள்ளியை மீட்க நூற்றாண்டுகள் ஆயின. கைப்பேசியில் மறையத் தொடங்கும் றகர ணகரங்களைக் காக்க நமக்கு வேண்டுவது சில நாள் பயிற்சியே. அடுத்த பத்தாண்டு மலரில் இவ்வட்டத்தின் கவிதைகள் அறத்தை அறம் என்றே அச்சேற்றட்டும் என வாழ்த்துகிறேன்.