படத்தின் பின்பக்கம்

 

நான் பாலக்காடு டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். உங்கள் இடுக்கி மலைக்கு வந்திருக்கிறேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. டவுனில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பஸ் நிலையத்துக்குத் தமிழ்நாட்டு பஸ்ஸும் வரும், கேரள பஸ்ஸும் வரும். ஒன்றில் தமிழ்ப் பலகை, மற்றதில் மலையாளப் பலகை. கேமராவோடு ஓர் ஓரமாக நின்று பார்ப்பேன். படிக்கத் தெரிந்தவர் பலகையைப் பார்ப்பார். தெரியாதவர் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரு பலகையைப் படித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார்! எல்லைக்காரர்களான நமக்கு இது புதிதல்ல.

ஸ்டூடியோவில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பெல்லாம் எல்லா ஸ்டூடியோவிலும் ஒரு கோட்டு தொங்கும். பக்கத்தில் ஒரு டை, சீப்பு, பவுடர் டப்பா. வயல் வேலை செய்கிறவர் வருவார். கோட்டைப் போடுவார். படம் எடுத்ததும் கழற்றி மாட்டுவார். அடுத்து வரும் மாப்பிள்ளைக்கும் அதே கோட்டுதான். இன்று சில வீடுகளுக்குப் போனால் சுவரில் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். ஆள் வேறு, கோட்டு ஒன்று. கீழே வேட்டிதான். அது படத்தில் வராது!

போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். அவர்களையும் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தவர் எங்கள் ஊர்க்காரர். டி.என். சேஷன் பாலக்காட்டில் பிறந்தவர். 1990 முதல் 1996 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தார். வாக்காளருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்று 1993-இல் உத்தரவு போட்டார். அந்த அட்டைக்காகத்தான் பல பாட்டிகள் முதன்முதலில் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சின்ன முகத்தையே பெரிதாக்கி மாலை போட்ட வீடுகளும் உண்டு. அவர்களுக்கு வேறு படமே இல்லை.

ஒரு நாள் ஒரு பாட்டி பழைய படம் ஒன்றைக் கொண்டு வந்தார். ஓரம் செல்லரித்திருந்தது. மூன்று பெண்கள் நிற்கிறார்கள்.

"தம்பி, இது எங்க அம்மா. இது சின்னம்மா. இந்தப் பொண்ணு யாருன்னு தெரியலியே!" என்றார்.

படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்று அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லையாம். அந்தப் பெண் அவர்களோடு வயலில் நடவு நட்டவளாக இருக்கலாம். உறவுக்காரியாகவும் இருக்கலாம். இனி யாரிடம் போய்க் கேட்பது?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1838-இல் பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். பகல் நேரம். பரபரப்பான தெரு. ஆனால் படத்தில் தெரு காலியாக இருக்கிறது! ஏன் தெரியுமா? அந்தக் காலத்துக் கேமராவில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். நடந்தவர்களும் வண்டிகளும் அதற்குள் கடந்து போய்விட்டார்கள். ஒரே ஒருவர் அசையாமல் நின்றார். செருப்புக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பாலிஷ் போட்டவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. போட்டோவில் விழுந்த முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்கிறார்கள். அரசனும் இல்லை, மந்திரியும் இல்லை. இரண்டு பேருடைய பெயரும் இன்றுவரை தெரியாது.

1858-இல் டிரைப் என்ற வெள்ளைக்காரர் மதுரையைப் படம் எடுத்தார். கோவிலும் நாயக்கர் மகாலும் தெளிவாக இருக்கின்றன. ஜனங்களைத்தான் தேட வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் கொழுந்து கிள்ளும்போது சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். தேயிலைக்காடு, மூடுபனி, கூடையோடு ஒரு பெண். பார்க்க அழகுதான். ஆனால் எத்தனை பேர் உங்களைக் கேட்டுவிட்டு எடுக்கிறார்கள்? எத்தனை பேர் ஒரு பிரதி அனுப்பினார்கள்? உங்கள் முகம் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறதோ! இஷ்டம் இல்லாவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். இஷ்டம் இருந்தால் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். என் தொழில்காரர்களுக்கு நான் சொன்னால் கோபம் வரும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் மாவட்டத்து மழையைப் படம் எடுக்க வந்து உயிரை விட்ட ஒருவரும் உண்டு. அவர் விக்டர் ஜார்ஜ். மலையாள மனோரமா பத்திரிகையின் புகைப்படக்காரர். 2001 ஜூலை 9 அன்று தொடுபுழை அருகே வெண்ணியானி மலையில் மண் சரிந்தது. படம் எடுக்கப் போன அவர் அதில் சிக்கி இறந்தார். அவருடைய மழைப் படங்கள் பிறகு புத்தகமாக வந்தன.

பெட்டிமுடியை நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு. லயங்களோடு 70 பேர் போனார்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களும் மண்ணுக்குள் போயின. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். முக்கியமான படத்தில் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். தேனியிலோ போடியிலோ உள்ள சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். செல்போனில் ஆயிரம் படம் இருக்கலாம். போன் தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போகும். நாலு படத்தையாவது காகிதத்தில் போட்டு வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு படத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள். சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். பின்பக்கம் எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று பெயர். எந்த ஊர். எந்த வருஷம். வருஷம் தெரியாவிட்டால், "பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்" என்று எழுதினாலும் போதும். இப்போதுதானே எழுதப் பழகினோம், எழுத்து கோணலாக வருமே என்று கூச்சப்பட வேண்டாம். பேரப்பிள்ளைகள் அந்தக் கோணல் எழுத்தையும் ஆசையாகத் தடவிப் பார்ப்பார்கள்.

மெதுவான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அதை அழுத்தினால் முன்பக்கம் கன்னத்தில் கோடு விழும்.

யாராவது படம் கொண்டு வந்திருந்தால் காட்டுங்கள். பென்சில் நான் தருகிறேன்.