நிலத்தைத் தொட்ட கம்பி எது?



மின்தொழில் பயின்று வட அமெரிக்காவுக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையே உளர். அவர்களை மனத்திற் கொண்டே சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன்.

இங்கு நாம் பழகிய மூவவத்தை மின்சாரம் நட்சத்திர அமைப்பில் வருவது. நிலைமாற்றியின் மூன்று சுருள்களும் கூடும் நடுப்புள்ளி நிலத்துடன் தொடுக்கப்பட்டிருக்கும். ஆதலால் எந்த உயிர்க்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 230 வோல்ற்று. இரண்டு உயிர்க்கம்பிகளுக்கிடையே 400 வோல்ற்று. இந்தக் கணக்கையே நம்பி அங்குள்ள பழைய தொழிற்சாலையொன்றினுள் நுழைபவன் ஏமாந்து போவான். அங்கே பலவிடங்களில் சுருள்கள் முக்கோணமாக இணைக்கப்பட்டுள்ளன. முக்கோணத்துக்கு நடுப்புள்ளிக் கம்பி ஏது? எங்கே நிலத்தொடுப்புக் கொடுப்பது?

ஒரு பக்கத்துச் சுருளின் நடுவிற் கொடுப்பது ஒரு முறை. பக்கம் 240 வோல்ற்று என்று ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து பாருங்கள். அடிப்பக்கத்தின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் 120, உச்சிக்கோ 208. கேத்திரகணிதம் எதற்கென்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை! 120 வோல்ற்று மின்குமிழை அந்த உச்சிக் கம்பியில் மாட்டினால் கருகிவிடும். அதனாலேயே அதற்குச் செம்மஞ்சள் அடையாளம் இடுவர்.

ஒரு மூலையையே நிலத்திற் தொடுப்பது இன்னொரு முறை. அந்தக் கம்பியை நிலத்தோடு வைத்து அளந்தால் சுழியம். ஆனால் அது செத்த கம்பியன்று. மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் முழுவதையும் சுமக்கும் அவத்தை. சுழியந்தானே என்று மோட்டார் ஓடும்போது அதைக் கழற்றினால், மோட்டார்ப் பக்கத்து நுனி சுருள்களின் வழியே உயிர் பெறும். கையில் இருப்பதும் அந்த நுனிதான்.

எதையும் தொடுக்காமலே விட்டதும் உண்டு. ஒரு கம்பி தவறி நிலத்தைத் தொட்டாலும் இயந்திரம் நிற்காது. முதலாளிமார் விரும்பியது அதனையே. ஆனால் 480 வோல்ற்று அமைப்பில், நிலத்துக்கு ஏறக்குறைய 277 ஆக நின்ற மற்றை இரு கம்பிகளும் அப்பொழுது 480 ஆகிவிடும். பழுது விட்டுவிட்டுப் பொறி தெறித்தால் அழுத்தம் இன்னும் பன்மடங்கு ஏறி மோட்டார்களின் காப்புறையைக் கெடுக்கும். பழுதைக் காட்ட மூன்று மின்குமிழ்கள் தொங்கும். பழுதான அவத்தையின் குமிழ் மங்கும். யாராவது ஏறிட்டுப் பார்த்தால்தானே!

இப்பொழுது சிக்கலைக் கவனியுங்கள். நிலத்துக்கு அளக்கும்போது 480, 480, சுழியம் என்று வருகிறது. மூலை தொடுத்த நல்ல அமைப்பும் இதே அளவைக் காட்டும்; தொடுப்பில்லா அமைப்பில் நேர்ந்த பழுதும் இதையே காட்டும். மானி வேறுபாடு சொல்லாது. பிரதான பலகையைத் திறந்து, அந்தக் கம்பி வெள்ளை அடையாளத்தோடு உருகியின்றி வருகிறதா, அதிலிருந்து நிலத்துக்கு வேண்டுமென்றே ஒரு தொடுப்புப் போகிறதா என்று கண்ணாற் காணவேண்டும். தொடுப்பு இல்லையேல் அது பழுது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை வேறெந்த இயந்திரத்திலும் கைவைக்க வேண்டாம்.