வீட்டில் இருக்கிறார், ஆனால் ஆபீஸில் இருக்கிறார்

(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)



போன மாதம் என் மகளிடம், "வீட்டில்தானே இருக்கே, பிளம்பர் வந்தா கதவைத் திற" என்று கத்தினேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள். அவளுடைய மேனேஜர் அதைக் கேட்டுவிட்டார். அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். யோசித்தால், கிளை வங்கியும் தூரத்திலிருந்து செய்யும் வேலைதான். தலைமை அலுவலகம் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, நாங்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்டைத்தான் பார்த்தது. ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். கணக்கு டேலி ஆனால் வீட்டுக்குக் கிளம்பலாம். (பத்து பைசா உதைத்து ராத்திரி எட்டு மணிவரை தேடியதும் உண்டு.)

நம் பழவேற்காடு ஏரியில் இதைவிடப் பழைய ஏற்பாடு இருக்கிறது: பாடு முறை. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று கிராமத்திலேயே முறை வைத்துவிடுகிறார்கள். ஏரிக்குள் மேஸ்திரி நிற்பதில்லை. தன் முறை எது, அடுத்தவர் முறை எது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று சில கம்பெனிகள் மவுஸ் அசைகிறதா என்று பார்க்க மென்பொருள் போடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. மவுஸ் அசைந்தால் வேலை நடந்துவிட்டதா? கிட்லேப் என்ற நிறுவனம் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்ய வைக்கிறது. யார் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கையேடாக எழுதி, எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நம் சோஹோ 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. ஊர்ப் பிள்ளைகளைச் சென்னைக்கும் இழுக்கவில்லை, வீட்டில் தனியாகவும் விடவில்லை.

இன்னொன்று நேரம். எங்களுக்கு ஷட்டர் இறங்கினால் வேலை முடிந்தது. என் மகளுக்கு இரவு பத்து மணிக்கும் மெசேஜ் வருகிறது. வேலை நேரத்துக்குப் பிறகு போனை அணைத்து வைக்கும் உரிமையை பிரான்சில் 2017 முதல் சட்டமே பேசுகிறது. இங்கே பிள்ளைகள்தான் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர்கள் நாம் "ஒரு போன்தானே, எடுத்துப் பேசேன்" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

காட்டூரிலிருந்து மீஞ்சூர் போய் ரயில் பிடித்து, தினமும் சென்னை போய்வருவது எளிதல்ல. இந்த வேலை நிலைத்தால்தான் பிள்ளைகள் நம்மோடு இருப்பார்கள். அதனால் என் கோரிக்கை: டிரில்லிங் வேலை இருந்தால் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். சங்க அறை வார நாளில் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே இரண்டு மேசையும் ஒரு வைஃபை இணைப்பும் போடலாம். யாருக்கு எந்த நாள் என்று பாடு மாதிரி முறை வைத்துக்கொள்வோம். வேண்டுபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் மகள் பெயரை நான் கொடுத்துவிட்டேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான்.