வீட்டுப் பெயரில் ஒரு மின்முகவரி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் குடிபெயரும் ஒரு குடும்பத்துக்கு, இரண்டு ஊர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், அஞ்சல் குறியீட்டு எண் 626125 என்பதிலிருந்து 626117 ஆகிவிடுகிறது. 1972 ஆகஸ்ட் 15 முதல் வழக்கில் உள்ள அந்த ஆறு இலக்க எண், ஆளைக் குறிக்காமல் கடிதத்தைச் சேர்ப்பிக்கும் அஞ்சலகத்தையே குறிப்பதால், வீடு மாறினால் முகவரியும் மாறியே தீரும். மின்னஞ்சலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும், பெரும்பாலான வீடுகளின் மின்முகவரி ஜிமெயில், யாகூ என ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரில் முடிவதால், அந்தச் சேவையை விட்டு விலகுபவர் முகவரியையும் அங்கேயே விட்டுவிட்டு வர நேர்கிறது. 1995-இல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட விஎஸ்என்எல் நிறுவனமே கைமாறி, 2008-இல் பெயரும் மாறிவிட்டது என்பதை நினைத்தால், பிறர் பெயரை நம்பிய முகவரிக்கு ஆயுள் எவ்வளவு என்பது விளங்கும்.

இதற்கு மாற்று, குடும்பத்துக்கென ஒரு டொமைன், அதாவது களப்பெயர், பதிவு செய்துகொள்வதாகும். இணையத்தின் பெயர்களை எண் முகவரிகளோடு இணைத்துக் காட்டும் உலகளாவிய அட்டவணையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அதில் 'டாட் இன்' என முடியும் பெயர்களை நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணைய இணைப்பகம் நிர்வகிக்கிறது, 2005 முதல் அவற்றை எவரும் பதிவாளர் நிறுவனங்கள் வழியே பெறலாம். சொந்தப் பெயர் என்று சொன்னாலும் இது கிரயம் அன்று, காலத்துக்குக் காலம் பணம் கட்டிப் புதுப்பிக்கும் குத்தகையே. ஆனால் அந்தக் குத்தகை குடும்பத்தின் பெயரில் இருக்கிறது.

அட்டவணையில் குடும்பத்தார் எழுதும் வரிகளில் முக்கியமானது எம்எக்ஸ் பதிவு. 'இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன வழங்கியில் சேர்க்கவும்' என்று அது தபால்காரருக்குச் சொல்வதுபோலச் சொல்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள ஜோஹோவிடமோ கூகுளிடமோ அஞ்சலை வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பழைய கடிதங்களைப் படியெடுத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், உறவினருக்கும் வங்கிக்கும் தெரிந்த முகவரி அப்படியே நிற்கும். எனினும் முதல்முறை மாறும்போது அவசரம் கூடாது. வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில் முகவரியை ஒவ்வொன்றாக மாற்றி முடித்த பிறகும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கடிதம் அனுப்பும் இடங்கள் மறந்துபோகும் என்பதால், பழைய பெட்டியைக் குறைந்தது ஓர் ஆண்டாவது மூடாமல் வைத்திருப்பதே நல்லது.

தமிழ் எழுத்திலேயே களப்பெயர் வைக்கலாமா என்ற கேள்வி இயல்பானது. 'டாட் இந்தியா' தமிழிலும் உண்டு. பன்மொழிக் களப்பெயர்களுக்கான தொடக்க ஆய்வு 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது என்பது பெருமைக்குரியது. வலைப்பதிவுக்குத் தமிழ்ப் பெயர் அழகாகப் பொருந்தும். மின்னஞ்சலுக்கோ, அத்தகைய முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் பல இருப்பதால், ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றும் வேண்டியிருக்கிறது.

அஞ்சல் சேவையோடு சேர்ந்த நாள்காட்டியை மாற்றுவது எளிது. ஐசிஎஸ் என்ற பொது வடிவக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஆடிப்பூரத் தேரோட்டம் நாள்காட்டியில் இல்லாமல் இராது. ஆண்டாள் அவதரித்த பூர நட்சத்திரம் ஆடியில் என்று வருகிறதோ அன்றுதான் தேர் என்பதால், 'ஆண்டுதோறும் இதே தேதியில்' என்று குறித்த பதிவு மறு ஆண்டே பிழையாகிவிடும். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கையால் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

வலைப்பதிவில் இழப்பு அதிகம் நேரக்கூடும். பிளாக்கரில் எழுதியவர் சொந்தக் களப்பெயரை இணைத்தால், பழைய முகவரிக்கு வருபவரை அச்சேவையே புதிய இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. வேறு சேவைக்கே மாறுபவரோ ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகத் திருப்புமுகவரி எழுத நேரலாம். யாகூவின் ஜியோசிட்டிஸ் 2009-இல் மூடப்பட்டபோது எண்ணற்ற பக்கங்கள் பழைய முகவரியில் கிடைக்காமற்போயின என்பதை அறிந்தவர்கள் இந்த உழைப்பை வீண் என்று கருதமாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது புதுப்பிக்க மறப்பதுதான். தவணை தவறி, சலுகைக் காலமும் கடந்துவிட்டால் அந்தப் பெயரை வேறெவரும் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் வங்கியிலிருந்து வரும் கடவுச்சொல் மாற்றக் கடிதங்கள் அந்தப் புதியவருக்கே போய்ச் சேரும். பதிவாளரிடம் தொடர்பு முகவரியாக அதே களப்பெயரின் மின்னஞ்சலைக் கொடுப்பதும் ஆபத்தே. பெயர் முடங்கினால் எச்சரிக்கைக் கடிதமும் உடன் முடங்கும், வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்ட நிலை அது. கணினி அறிந்த ஒருவரிடமே எல்லாம் இருந்து, அவர் திடீரென இறந்துபோனால், அந்தத் துயரத்துக்கிடையில் மொத்தக் குடும்பத்தின் அஞ்சலும் நின்றுபோகக்கூடும். ஆகவே பதிவாளரின் பெயர், புதுப்பிக்கும் தேதி, கணக்கைத் திறக்கும் முறை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரமும் குடும்ப அட்டையும் இருக்கும் பீரோவிலேயே, இன்னொருவருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும்.