தொழில் தொடங்க முதல் முதலீடு எது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை தெரியாதவர் யாருமில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காயைக் காயவைத்து, மூட்டை பிடித்து, கமிட்டியில் போட்டுவிட்டு, எண்ணெயைக் கடையில் போய் வாங்குகிறோம். 'நாமே செக்கில் ஆட்டி வித்தா என்ன?' என்று கேட்கிற தாய்மார்கள் இப்போது அதிகம். நல்ல எண்ணந்தான். உடனே அடுத்த கேள்வி வருகிறது: 'கடன் எங்கே கிடைக்கும்?' அவசரப்படாதீங்க. கடனுக்கு முன்னால் வேறொன்று வேண்டும். அதுதான் உங்கள் குழு.

இந்தக் குழு முறை நமக்குப் புதிதல்ல. 1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அடுத்து 1991-92-ல் சேலத்துக்கும் நம்முடைய பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் அந்தத் திட்டம் வந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். ஆக, மாவட்டம் பிறப்பதற்கு முன்பே இங்கே குழு வந்துவிட்டது! பிறகு 1997-ல் தமிழக அரசின் மகளிர் திட்டமாக அது விரிந்தது.

குழு என்ன செய்கிறது? 12 முதல் 20 பேர் சேர்கிறார்கள். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்ளுக்குள்ளே கடன், தவணை தவறாமல் திருப்புதல், சரியான கணக்குப் புத்தகம் – இந்த ஐந்துதான் சட்டம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வங்கி மேலாளர் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் புத்தகத்தைத்தான். நிலப் பட்டா இல்லாத பெண்ணுக்கு அந்தப் புத்தகமே பட்டா மாதிரி. 10 லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

வட்டியையும் பாருங்க. வெளியில் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 10,000 வாங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வட்டி. போன காசு போனதுதான். குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். அதுவும் குழுவின் பொது நிதியில்தான் சேரும்.

இப்போது தொழிலுக்கு வருவோம். எடுத்த எடுப்பில் செக்கு வாங்காதீர்கள். குழுவின் உள்கடனில் கொஞ்சம் காய் வாங்கி, கூலிக்கு ஆட்டிப் பாருங்கள். 100 கிலோ நல்ல காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு தேறும். நூற்றுக்கு 40 வீதம் எண்ணெய் இறங்கினால் 28 கிலோ; லிட்டர் அளவில் முப்பதுக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு. மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுக்கே வந்து வாங்குவார்கள். காய் விலை, உடைப்புக் கூலி, ஆட்டுக் கூலி, பாட்டில், வண்டிச் சத்தம் எல்லாம் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டுவிட்டு லாபம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். நாலைந்து முறை ஆட்டியும் கணக்கு நின்றால், அப்புறம் வங்கிக்குப் போகலாம்.

பூசணம் பிடித்த பருப்பை ஆட்டவே கூடாது. அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். இது போன்ற விவரங்களைச் சொல்லித்தரப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கர்நாடகத்தில் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய ஒரு சுயதொழில் பயிற்சி முறையைப் பார்த்துத்தான் மாவட்டந்தோறும் வங்கிகள் இப்படி நிலையங்கள் அமைத்தன. விழுப்புரத்தில் இந்தியன் வங்கி நடத்துகிறது. பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. பயிற்சி முடிந்த பிறகும் தொடர்ந்து விசாரித்து, கடன் பெற வழிகாட்டுவது அந்த முறையின் சிறப்பு. தொழில் ஏற்பாடு, மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் கட்டாயம்.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தொழிலுக்குத் துணை; லாபம் ஆகாது. மானியத்துக்காகவே மிஷின் வாங்கி, மூலையில் போட்டு, தவணை மட்டும் கட்டுகிற வீடுகள் உண்டு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. உறவுக்காரர், தெருக்காரர் என்று எண்ணெயைக் கடனுக்கு ஊற்றிக்கொண்டே போனால் அடுத்த மூட்டை வாங்கக் கையில் காசு இருக்காது. 'எங்க அண்ணன்கிட்ட எப்படிக் கேக்கறது?' என்று தயங்குவீர்கள். அந்த இடத்தில்தான் குழு உதவும். 'சங்கத்துக் காசு அண்ணே, நான் மட்டும் முடிவு பண்ண முடியாது' என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, உங்கள் பேரில் வாங்கிய கடனை வீட்டில் வேறு செலவுக்கு எடுக்க விடாதீர்கள். நீங்கள் தவணை தவறினால் அது உங்களோடு நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேருக்கும் அடுத்த கடன் நின்றுபோகும். அவர்களில் ஒருத்தி மகளின் படிப்புக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பாள்.

ஆகவே, இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். குழுவில் இல்லாதவர்கள் உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் விசாரியுங்கள். குழுவில் இருப்பவர்கள் கணக்குப் புத்தகத்தை எடுத்து, கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பாருங்கள். அது போன மாதத்துத் தேதியாக இருந்தால், செக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் கூட்டத்தைக் கூட்டுங்கள்.